எல்லைக் கல்லில் விட்டுப்போன குடை

அக்கா,

இன்றைக்கு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குச்சிக்கிழங்குக் காட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். தலைக்குப் போட்டுக்கொள்ளச் சாக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆணியில் தொங்கிய உங்கள் குடையை எடுத்து விரித்தேன். உள்ளேயிருந்து அந்த வாசம் வந்தது. புதுச் சேலையின் கஞ்சி வாசமும், நீங்கள் மூட்டைக்குள் போடும் பூச்சி உருண்டை வாசமும். இரண்டு வருசமாகியும் போகவில்லை. குடையை மடக்கி மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனேன்.

படிக்கத் தெரியாத உங்களுக்கு, அஞ்சாவதோடு நின்றுபோன நான் எழுதுகிறேன். இதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள்? ஆனாலும் எழுத வேண்டும். என் ஊர் எல்லைக்கு வந்த உங்களை நான் திருப்பி அனுப்பினேன். என்ன வேலையாக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் சேலை விற்க முள்ளுக்குறிச்சியில் மலையேறி, நாடு என்று நாங்கள் சொல்லும் ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றாக நடந்து, நாலாம் நாள் புளியஞ்சோலையில் இறங்குவீர்கள். தலையில் சேலை மூட்டை, கையில் இந்தக் குடை. ரோடு வந்து பஸ் வந்த பிறகும் பாதி தூரம் நடைதான். "பஸ்ஸுல போனா ரோட்டோரத்து ஊட்டுக்காரிதான் சேலை கட்டுவா. உள்ளூர்க்காரி என்னத்தக் கட்டுவா?" என்பீர்கள். பதினாலு நாட்டிலும் எந்த ஊரில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் மருமகள், எவளுக்கு மாமியாரோடு சண்டை என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த மலையில் பிறந்த எனக்கு இரண்டு நாடுதான் தெரியும். பிறந்த தின்னனூர் நாடும், வாக்கப்பட்ட குண்டூர் நாடும். மற்றதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

"குண்டூர் நாட்டுக்காரி அழுக்குத் தெரியாத கலரு கேப்பா. உங்க அம்மா ஊர்க்காரிக்குக் கரை பெருசா இருக்கோணும். வளப்பூர் நாட்டுக்காரி இருக்காளே, மூட்டை மொத்தத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிப் பாத்துட்டு, 'அடுத்த மாசம் வாங்க பாயம்மா'ம்பா. மடிச்சு வெக்கறது நானு!"

எங்கள் ஊரில் எல்லாருக்கும் நீங்கள் பாயம்மா. எனக்கு மட்டும் அக்கா.

சேலையை விட உங்கள் வாயிலிருந்து வரும் சேதிக்குத்தான் நாங்கள் காத்துக் கிடந்தோம். அம்மா ஊருக்குப் போக வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும், அதற்கு மாமியார் வாயைத் திறக்க வேண்டும். அதனால் அம்மா உங்களிடம் சொல்லி அனுப்புவாள். நீங்கள் மூட்டையை இறக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அப்படியே என் அம்மா குரலில் சொல்வீர்கள். "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது. பொட்டை உனக்கு. உன் ஊட்டுக்காரன் வந்து ஓட்டிக்கிட்டுப் போவானா, இல்ல அதுக்கும் நாந்தான் வரோணுமா?" என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மாவே வந்துவிட்ட மாதிரி இருக்கும் அவருக்கு.

எங்கள் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. முதல் தடவை வந்தபோதே எல்லைக் கல்லுக்கு இந்தப்பக்கம் வெறுங்காலோடு நடக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, நீங்களாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அன்றிலிருந்து கடைசி நாள் வரை அப்படித்தான். ராத்திரி தங்குவது எங்கள் வீட்டில். சாமை மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் நீங்கள் தொழுவதற்கென்று ஒரு பாய் விரிப்பளவு இடத்தை நான் எப்போதும் கூட்டி வைத்திருப்பேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் என்றால் இரண்டாம் முறை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

என் மகள் பிறந்த நாளை நான் மறந்தால் என்னை மண் மன்னிக்காது. குழந்தை குறுக்கே திரும்பிக் கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நீங்கள் இருந்தது யார் செய்த புண்ணியமோ. எல்லாரும் யாரைக் கூப்பிடுவது என்று ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூட்டையை அவிழ்த்தீர்கள். விற்காத சேலை நாலை எடுத்து முறுக்கி, மூங்கிலில் கட்டித் தூளி ஆக்கினீர்கள். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தூக்க, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கினோம். வழியெல்லாம் எனக்குக் கண் சொருகியது. நீங்கள் தூளியைப் பிடித்துக்கொண்டே கூட ஓடி வந்தீர்கள்.

"பொண்ணு, கண்ண மூடாத. இந்தப் பலாத்தோப்பு யாருதுன்னு சொல்லு. தெரியாதா? அந்த ஒத்தக்கண்ணுக் கெழவருது. அவரு மருமக போன மாசம் கோவிச்சுக்கிட்டுப் போனாளே, திரும்பி வந்துட்டா. கேக்குதா? இங்கிருந்து வலதுகைப் பக்கம் போனா பதினோரு ஊடு. மொத ஊட்டுல ரெட்டைப் புள்ளை. கண்ணத் தொற சாமி. அடுத்த ஊடு யாருது?"

மலை இறங்கி முடியும் வரை ஊர் ஊராக, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கதையும் என்ன ஆயிற்று என்று கேட்கும் ஆசையில்தான் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

துறையூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் என் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கிடந்தீர்கள். நர்ஸம்மா என் பெயரைப் பார்த்தார், உங்கள் தலை முக்காட்டைப் பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அக்காங்க."

"கூடப் பொறந்த அக்காவா?"

"ஆமாங்க. இவ மலை மேல பொறந்தா, நான் அடிவாரத்துல பொறந்தேன். அம்மட்டுந்தான் வித்தியாசம்."

அந்தத் தூளிச் சேலைகள் திரும்ப விற்கிற மாதிரியா இருந்தன? அதைப் பற்றி ஒரு நாளும் நீங்கள் வாய் திறக்கவில்லை. அந்த மகள் இப்போது நாமக்கல்லில் படிக்கிறாள்.

இனி அந்த நாள்.

வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி உங்களுக்குத் தெரியாததா? காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு வெளியூர்க்காரர் ஊரில் தங்கக் கூடாது, உள்ளூர்க்காரர் வெளியே போய்த் தங்கக் கூடாது. காப்புக் கட்டிய வீட்டுக்கு எழவுச் சேதி வரக் கூடாது. யாராவது செத்துப்போனாலும் எட்டு நாள் கழித்துத்தான் சொல்ல வேண்டும். காதில் விழுந்தால் தீட்டு. கையில் காப்பு இருக்கிறவர் அதைக் கழற்றிவிட வேண்டும். போன் வந்த பிறகு நாங்கள் இன்னொரு வழக்கம் பண்ணிக்கொண்டோம். காப்புக் கட்டுகிற அன்றைக்குப் பொம்பளைகள் எல்லாரும் போனை அணைத்துவிடுவோம். நான் என்னுடையதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்தேன்.

அந்த வருசம் கரகம் எடுக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. இத்தனை வருசமும் என் வீட்டுக்காரரின் பெரியப்பா வீட்டில்தான் இருந்தது. முதல் தடவையாக எங்கள் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். முதல் தடவையாக ஊர்ப் பெண்கள் என்னைக் கேட்டுவிட்டு ஒன்று செய்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம், ஏழெட்டுப் பெண்கள். என் நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணி, பாயம்மா வருதாட்ட இருக்குது. தலையில மூட்டையக் காணம்."

மூட்டை இல்லாமல் நீங்கள் வந்து நான் பார்த்ததே இல்லை. கல்லருகே நின்று குடையைச் சாய்த்து வைத்தீர்கள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தீர்கள். முகம் கறுத்துப்போய், கன்னம் ஒட்டிப்போய் இருந்தது.

"சேலை விக்க வரல, சேதி சொல்லத்தான் வருது" என்றாள் நாத்தனார். "உங்க அம்மாளுக்கு ஏதாச்சுமோ என்னமோ. அண்ணங் கையில காப்பு இருக்குது, பாத்துக்க."

அம்மா செத்துப்போனாள் என்றே நினைத்துவிட்டேன். அந்தச் சேதி என் காதில் விழுந்தால் என் வீட்டுக்காரர் கரகம் எடுக்க முடியாது. முறை திரும்பப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். அம்மா போனாள் என்ற துக்கத்துக்கு முன்னால் எனக்கு இந்த நினைப்பு வந்தது, அக்கா. இதைவிடக் கேவலம் உண்டா?

நீங்கள் "பொண்ணு" என்று வாயெடுத்தீர்கள்.

"பேசாதீங்க!" என்று கத்தினேன். "காப்புக் கட்டுன ஊருக்கு எழவுச் சேதியத் தூக்கிட்டு வருவாங்களா? உங்க ஆளுங்க நாளு கெழமை பாக்க மாட்டீங்க, நாங்க பாக்கறவங்க. போங்க, திரும்பிப் போங்க!"

உங்க ஆளுங்க. இருபத்திரண்டு வருசத்தில் அந்தச் சொல் நம் நடுவில் வந்ததே இல்லை. அத்தனை பெண்களுக்கு முன்னால், நானும் ஒரு பெரிய வீட்டுக்காரி என்று காட்டிக்கொள்ள எனக்கு அது வேண்டியிருந்தது.

நீங்கள் மறுபடியும் என்னவோ சொல்ல வந்தீர்கள். நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அப்புறம் நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லைப் பிடித்துக் குனிந்து, செருப்பை மாட்டினீர்கள். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

நீங்கள் வளைவு தாண்டுவதற்குள் தூறல் விழ ஆரம்பித்தது. குடை கல்லில் சாய்ந்தபடியே இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். இருபது எட்டு இருக்குமா? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள், பார்த்தால் சேதியைச் சொல்வீர்கள் என்று பயந்தேன். ரோட்டுக்குப் போய்ச் சேரும் வரை நீங்கள் நனைந்திருப்பீர்கள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

"'ஒன்னுமில்ல பொண்ணு, நோம்பி நல்லா நடக்கட்டும்'னாங்க" என்றாள். அவளுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கரகம் எடுத்தோம். நோம்பி நல்லாத்தான் நடந்தது. எட்டாம் நாள் காப்பு அவிழ்த்ததும் அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்து என் தம்பிக்குப் போட்டேன். அழத் தயாராக மடியில் முந்தானையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். தம்பி எடுத்து, "அம்மாவா? காட்டுல மிளகுக்கொடி கட்டிக்கிட்டு இருக்குது. ஏன்?" என்றான்.

போனில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. மகளிடம் காட்டினேன். போன் அணைந்திருந்த நாட்களில் ஒரே நம்பரிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். உங்கள் நம்பர். போனில் கிடைக்காமல்தான் நேரில் வந்திருக்கிறீர்கள்.

ஊர்க்கவுண்டர் காதுக்கும் சங்கதி போயிருந்தது. வாசலில் நின்று கேட்டார். "ஏம்மா, அந்தப் பாயம்மாவத் திருப்பி அனுப்பிட்டியாமே? வெளியூர்க்காரங்க தங்கக் கூடாதுங்கறதுதான் வழக்கம். நின்னு ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" அதுவரை எல்லாவற்றையும் காப்பின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். காப்பு என் வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. என் வாயில் இல்லை.

அப்போதாவது உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வெட்கம். அப்புறம் வீம்பு. ஆடிக்குச் சேலை எடுத்துக்கொண்டு வராமலா போவார்கள், வரட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆடி வந்தது, நீங்கள் வரவில்லை. ஒரு நாள் யார் காதிலும் விழாமல் பேச ஊருக்கு வெளியே பாறை மேல் ஏறி உங்கள் நம்பரை அழுத்தினேன்.

"அலோ, யாருங்க?" என்றீர்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீங்களே, "பொண்ணா?" என்றீர்கள்.

நான் போனை வைத்துவிட்டேன். என் பேர் போனில் வந்தாலும் படிக்கத் தெரியாதவர் நீங்கள். மூச்சை வைத்தே கண்டுபிடித்தீர்கள்.

நீங்கள் போன சேதி எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. மிளகு வாங்க வந்த வியாபாரி, உங்கள் ஊர்க்காரர், தராசைக் கட்டிக்கொண்டே யாரோ போன மாதிரி சொன்னார். சேதி சொல்கிறவரே போய்விட்டால் சேதி எப்படி வந்து சேரும்? பதினாலு நாட்டிலும் உங்களிடம் சேலை எடுத்த பெண்கள் எத்தனை பேர், ஒருத்திக்கும் தெரியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். இருபத்திரண்டு வருசத்தில் உங்கள் வீட்டு வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. நீங்கள்தானே எப்போதும் ஏறி வந்தீர்கள். உங்கள் கொழுந்தன் மனைவி வாசலுக்கு வந்தார். குடையைப் பார்த்ததுமே, "வாங்க, நீங்கதான் பொண்ணா?" என்றார்.

அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. வயிற்றில் கட்டி. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூட இருந்து பார்க்க ஒரு பெண் ஆள் வேண்டும். உங்கள் மாமியார் படுத்த படுக்கை, அவரை விட்டு இவரால் நகர முடியாது. உங்கள் மகன் வெளிநாட்டில், இரண்டு மாசம் கழித்துத்தான் வர முடியும் என்றிருக்கிறான். அதற்கு நீங்கள், "நீ எதுக்குக் கண்ணு லீவு போடற? மேல என் தங்கச்சி இருக்கறா, அவ வருவா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

ஊருக்கெல்லாம் சேதி சுமந்தவர் நீங்கள். உங்களுக்கென்று ஒரு சேதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா.

மகன் வரும் வரை இரண்டு மாசம் காத்திருந்தீர்களாம். அறுத்தார்களாம். கட்டி அதற்குள் பரவியிருந்ததாம். என்னை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உங்களைக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது, பக்கத்தில் ஓடிக்கொண்டே "அடுத்த ஊடு யாருது, சொல்லுங்க" என்று கேட்க ஆள் இல்லை.

"உங்களப் பத்தி ஒரு குறை சொல்லல" என்றார் உங்கள் கொழுந்தன் மனைவி. "'புத்தியில்லாம நோம்பி நாளாப் பாத்துப் போயிட்டேன். அவ எப்படி வருவா? வாசல்ல உக்கார வெச்சு மோரு குடுத்தா, குடிச்சுட்டு வந்தேன்'னு சொன்னாங்க."

மோர் கொடுத்தேனாம். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றேன்.

செய்ததில் எல்லாம் பெரிய கேவலம் அதுதான். எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை வாங்கி நான் குடித்துவிட்டு வந்தேன். குடையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "'குடை பொண்ணு ஊட்டுல இருக்குது, இருக்கட்டும்'னுதான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றார். திருப்பி எடுத்து வந்து ஆணியில் மாட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை இந்த வருசக் காப்புக் கட்டினார்கள். கரகம் இப்போது வேறு வீட்டில். எல்லாரும் போனை அணைத்தார்கள். நான் அணைக்கவில்லை. "எழவுச் சேதி வந்துச்சுன்னா என்ன பண்ணுவ அண்ணி?" என்றாள் நாத்தனார். "வரட்டும். கேக்கறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குச் சோறு கொடுத்துவிட்டு வரும் வழியில், மழை விட்டதும் அந்தப் பாறை மேல் ஏறினேன். உங்கள் கொழுந்தன் மனைவிக்குப் போட்டேன். யார் என்று சொன்னேன். நலம் விசாரித்தேன். அப்புறம் சொன்னேன்.

"அக்காவுக்கு நான் மோரு குடுக்கலீங்க."

"தெரியுங்க" என்றார். "நனைஞ்சு வந்து வாசப்படியில உக்காந்து, ரெண்டு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சாங்க. மோரு குடிச்ச வாயா அது? அவங்க சொன்னாங்க, நானும் கேட்டுக்கிட்டேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"குடை இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

"அடுத்த மாசம் என் மாமியாரச் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும். நான் ஒருத்தியாத் தூக்க முடியாது" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று இந்த முறை நான் காத்து நிற்கவில்லை.

"நான் வாரனுங்க" என்றேன்.

இது அதற்கு ஈடாகாது. அது எனக்குத் தெரியும், அக்கா. நீங்கள் உட்கார்ந்த வாசப்படியில் அன்றைக்கு நானும் உட்காருவேன். யாராவது மோர் கொண்டுவந்தால் என்னால் குடிக்க முடியாது.

நோம்பி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. போன் ஒரு சின்னப் பையில் உங்கள் குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள்
பொண்ணு